இரு மரகதப்புறாக்கள்

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை எது என வினவினால், நம் மாணவர் பலர் மரகதப்புறா எனத் தயங்காது விடை கூறுவர். அப்பறவைக்கு மிக நெருங்கிய உறவுடைய மற்றொரு மரகதப்புறா, நாம் வாழும் ஆஸ்திரேலியாவிலும் உண்டு என்பதைச் சிலரே அறிவர்.

முன்னதன் அறிவியற்பெயர் சால்கோபாப்ஸ் இண்டிகா. 1758ஆம் ஆண்டு லின்னேயஸ் இதற்குப் பெயரிட்டார். இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா வரை இது பரவியுள்ளது. பின்னது சால்கோபாப்ஸ் லாங்கிராஸ்ட்ரிஸ். 1848இல் ஜோன் கூல்ட் என்பவர் பெயரிட்ட இப்பறவை, ஆஸ்திரேலியாவின் வடக்கிலும் கிழக்குக் கரையோரத்திலும் உள்ள காடுகளிலும், வனுவாட்டு போன்ற பசிபிக் தீவுகளிலும் வாழ்கின்றது.

இவை இரண்டும் ஒரே இனத்தின் பிரிவுகள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டன. அதற்குக் காரணமும் உண்டு. இரண்டுக்கும் பசுமையாய் மின்னும் சிறகுகள்; பறக்கும்போது கீழ்முதுகில் தெரியும் இரு வெளிர்ப் பட்டைகள். இரண்டும் காட்டுத் தரையில் நடந்து, உதிர்ந்த விதைகளையும் கனிகளையும் உண்ணும். சுள்ளிகளால் எளிய கூடு கட்டிப் பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இடும்.

வேற்றுமையை அறிய ஆண்பறவையின் தலையை நோக்கவேண்டும். ஆசியப் புறாவின் உச்சந்தலை நீலச்சாம்பல் நிறமுடையது. நெற்றியும் புருவமும் வெண்மையானவை. ஆஸ்திரேலியப் புறாவுக்கோ இவை இல்லை. தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறமே. தோளில் உள்ள வெள்ளைத் திட்டு இரண்டுக்கும் பொது. பெண்பறவைகள் மங்கிய நிறமுடையவை. ஆதலால் அவற்றைப் பிரித்தறிவது கடினம். இத்தகைய வேறுபாடுகளைக் கொண்டே இந்நூற்றாண்டில் பறவையியலாளர் பலர் இவற்றை இரு இனங்களாகப் பிரித்தனர்.

இங்கே ஒரு வியப்பும் உண்டு. ஜாவாவுக்குத் தெற்கேயுள்ள கிறிஸ்துமஸ் தீவு ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்கு உட்பட்டது. ஆயினும் அங்கு வாழும் மரகதப்புறா ஆசிய இனத்தைச் சேர்ந்தது. நாடுகளின் எல்லை வேறு, பறவைகளின் எல்லை வேறு.

இவ்விரு பறவைகளுக்கும் பொதுவான துன்பங்களும் உள. காடு அழிந்தால் இவற்றின் உணவும் உறைவிடமும் அழியும். மேலும், மரங்களினூடே தாழ்வாகவும் மிக விரைவாகவும் பறப்பது இவற்றின் இயல்பு. அதனால் கண்ணாடிச் சாளரத்தில் தெரியும் மரநிழலை மெய்யான காடென மயங்கி, மோதி உயிர் இழக்கின்றன.

மாணவச் செல்வங்களே! காட்டை அடுத்து வாழ்வோர் சாளரக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் நெருக்கமாகக் கோடுகளோ புள்ளிகளோ ஒட்டி வைத்தால், இப்பறவைகள் பிழைக்கும். பெற்றோருடன் இதனை இவ்வாரமே செய்து பாருங்கள்.