மாட்டின் வாயையும் கொஞ்சம் பாருங்கள்

பால் குறைந்தால் தீவனத்தை மாற்றுவோம், பூச்சி மருந்து கொடுப்போம். மாட்டின் வாயைக் கவனிப்பவர்கள் குறைவு. சந்தையில் வாங்கும்போது பல் பிடித்துப் பார்ப்பதோடு சரி.

மேலே முன்பல் கிடையாது

வளர்ந்த மாட்டுக்கு 32 பற்கள். கீழ்த்தாடையின் முன்புறம் 8. மேலும் கீழுமாகக் கடைவாயில் 24. மேல்தாடையின் முன்புறத்தில் பல்லே இல்லை. கெட்டியான ஈறுத் திண்டுதான் உண்டு. நாக்கைச் சுழற்றிப் புல்லை இழுத்து, கீழ்ப்பல்லுக்கும் திண்டுக்கும் நடுவே பிடித்து, தலையை வெடுக்கென அசைத்து மாடு அறுக்கும். முன்பற்கள் லேசாக ஆடுவது இயல்பே, பயப்பட வேண்டாம்.

பல்லும் வயதும்

கன்றுக்கு 20 பால் பற்கள். சுமார் 2 வயதில் நடுவிலுள்ள இரண்டும் விழுந்து பெரிய பல் முளைக்கும். அதுதான் ‘ரெண்டு பல்’. இரண்டரை வயதில் நாலு பல், மூன்றைத் தாண்டும்போது ஆறு பல், நாலு வயதுவாக்கில் எட்டுப் பல். இனத்தையும் பராமரிப்பையும் பொறுத்துச் சில மாதங்கள் முன்பின் ஆகும். அந்த வயதில் கடைவாயிலும் பல் மாறுவதால், கிடேரி தயங்கித் தின்றால் தீவனத்தை நறுக்கிப் போடுங்கள்.

அசை போடுகிறதா?

மாடு முதலில் அரைகுறையாக மென்று விழுங்கும். நிதானமாக மெல்லுவது பிறகுதான். படுத்திருக்கும்போது, விழுங்கிய தீனி உருண்டையாகக் கழுத்தில் மேலேறுவது கண்ணுக்கே தெரியும். ஓர் உருண்டையை ஏறக்குறைய 40 முதல் 70 முறை, தாடையைப் பக்கவாட்டில் ஓட்டி அரைக்கும். நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் இதே வேலை. அப்போது பெருகும் உமிழ்நீர்தான் வயிற்றின் புளிப்பை முறிக்கிறது. வைக்கோலும் புல்லும் குறைந்து, சோறும் மாவும் மிகுந்தால் அசை குறையும். வயிறு புளித்து மாடு படுத்துவிடும்.

ஆணியும் கேரிபேக்கும்

நன்றாக மெல்லாமல் விழுங்குவதால் ஆணியும் கம்பியும் தீனியோடு உள்ளே போய்விடும். அவை தங்கும் இரண்டாம் வயிற்றறைக்கு மிக அருகில் இதயம்; குத்தினால் உயிருக்கே ஆபத்து. பிளாஸ்டிக்கோ செரிக்காமல் சேர்ந்துகொண்டே போகும். 2019 அக்டோபரில் சென்னையில், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக் கழிவை அகற்றினார்கள்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• மென்ற தீனியை உருண்டையாக வெளியே தள்ளுவது
• தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மெல்லுவது
• கன்னம் அல்லது தாடை வீக்கம், வாயில் துர்நாற்றம்
• சாணத்தில் அரைபடாத நீள நார்
• தீனி இருந்தும் மெலிவது, அசை நின்றுபோவது

எச்சில் ஒழுகினால் கோமாரியாக இருக்கலாம், வெறிநோயாகவும் இருக்கலாம். வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள். கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். தீவனத் தொட்டியில் கம்பி, கயிறு கிடக்கிறதா என்று தினமும் பாருங்கள். மீந்த சாப்பாட்டைக் கேரிபேக்கில் கட்டித் தெருவில் வீசாதீர்கள். மாடு அதைப் பிரித்துத் தின்னாது, பையோடு விழுங்கிவிடும்.