ஒரே மேசை, வெவ்வேறு ஆட்டம்

சென்ற பருவத்தில் எங்கள் விடுதியில் ஐவர் கூடி ஓர் ஆட்டம் தொடங்கினோம். மூன்றாம் ஞாயிறன்று வங்க நண்பர் முகம் சுளித்து எழுந்து போய்விட்டார்.

ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. அறியாத அன்பர்க்கு ஒரு சொல்: இதில் காய்களைவிடப் பேச்சே பெரிது. நடுவராக ஒருவர் அமர்ந்து, "இருண்ட குகை, வாயிலில் காவலன், என்ன செய்வீர்கள்?" என்பார். மற்றவர் தத்தம் பாத்திரமாக நின்று விடை சொல்வர். கைகூடுமா என்ற ஐயத்தை இருபது முகப் பகடை தீர்க்கும்.

நண்பர் காவலனிடம் குடும்ப நலம் விசாரித்து அரைமணி பேசினார். வரைபடம் விரித்து வழி கணக்கிட்டுக்கொண்டிருந்த நான், பொறுமையிழந்து காவலனை வெட்டினேன். விதிப்படி குற்றமில்லை, அவருக்கோ ஆட்டமே அத்துடன் முடிந்தது.

1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் வெளியிட்ட இவ்வாட்டம், போர் விளையாட்டிலிருந்து பிறந்தது. வந்து சேர்ந்தவரோ பலதரம். 1980-இல் கிளென் பிளாக்கோ என்பார் 'டிஃபரண்ட் வேர்ல்ட்ஸ்' இதழில் நால்வகை கூறினார்: வலிமை பெருக்குவோர், பாத்திரமாகவே வாழ்வோர், போர்த்தந்திரம் வகுப்போர், கதை வளர்ப்போர். விஞ்ஞானம் பயிலும் எனக்கு இப்பகுப்பு முழுதும் உடன்பாடன்று. ஒரே மாலையில் ஒருவரே இரு வகையாகவும் ஆடக் கண்டிருக்கிறேன்.

இன்று பல குழுவினர் பகடை உருட்டுமுன் ஒருநாள் கூடிப் பேசுகின்றனர். 'செஷன் ஜீரோ' என்பர். சண்டை எவ்வளவு, பேச்சு எவ்வளவு, பாத்திரம் சாகலாமா, எப்பொருளைத் தொடலாகாது என்று முன்னரே தீர்மானிக்கிறார்கள். நாங்களும் அப்படியொரு நாள் குறித்து நண்பரை அழைத்தோம். வந்தார். "அந்தக் காவலன் பிழைத்து வருவானா?" என்பதே அவர் கேட்ட முதற் கேள்வி.