தற்பதிப்பு நூல்களும் இலக்கிய முகவரும்: ஓசூர் எல்லைப்புற எழுத்தை முன்வைத்து

தமிழில் தம் நூலைத் தாமே அச்சிடுவது இழுக்காகக் கருதப்பட்டதில்லை. பாரதி 1908இல் ‘ஸ்வதேச கீதங்க’ளைத் தாமே வெளியிட்டார், 1920இல் தம் எழுத்துகளை நாற்பது பகுதிகளாகக் கொணரப் பொருளுதவி வேண்டிச் சுற்றறிக்கையும் விடுத்தார். எனினும், இலக்கிய முகவரை அணுகும் எழுத்தாளர் பலர் தற்பதிப்பு நூல்களை மறைக்கவே முற்படுகின்றனர். இத்தயக்கம் பயனற்றது மட்டுமன்று, தீங்கும் விளைவிப்பது.

முகவர் விற்பது நூலையன்று, உரிமையை. பதிப்பாளரிடம் அவர் முதலில் உறுதி கூற வேண்டியது, அவ்வுரிமை வேறெவரிடமும் இல்லை என்பதையே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மொழிபெயர்ப்புரிமையைத் தனி உரிமையாகவே கொள்கிறது. ஆகவே தமிழில் தாமே அச்சிட்ட நாவலின் ஆங்கில உரிமை, எழுதிக்கொடுக்கப்படாதவரை, ஆசிரியரிடமே எஞ்சி நிற்கிறது. தமிழ் எழுத்தாளர் முகவரை நாடுவது பெரும்பாலும் ஆங்கிலத்துக்காகவே என்பதால், இங்குத் தற்பதிப்பு தடையாவது அரிது. பணம் பெற்று அச்சிட்டுத் தரும் நிறுவனத்துடன் ஒப்பமிட்டவர் நிலை வேறு: அவ்வொப்பந்தத்தின் 'அனைத்து மொழிகளும்' என்ற ஒரு தொடரே போதும்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஆதவன் தீட்சண்யா, பா. வெங்கடேசன் முதலியோர் வாழ்ந்து எழுதும் ஊர் இது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தொழிற்கூடத்தில் புழங்குமிடத்தில், உடன்பணிபுரியும் நண்பர் ஒருவர் கதைகளைக் கன்னடத்தில் பெயர்த்து நூறு படிகள் அச்சிடுவது இயல்பு. எழுத்து வடிவ ஒப்பந்தம் இராது. ஆயினும் அம்மொழிபெயர்ப்பு தனிப் படைப்பாகிறது. அதன் வாசகத்தின் மீது நண்பருக்கும் உரிமை பிறக்கிறது. மின்னூலாக ஆங்கிலத்திலும் ஏற்றியிருப்பின், முகவர் விற்கவிருந்த பொருளே முன்பே சந்தைக்கு வந்துவிட்டதாகும். கிண்டிலின் தனியுரிமைத் திட்டத்தில் சேர்ந்த மின்னூலை, 90 நாள் தவணை முடியும்வரை வேறிடத்தில் மின்வடிவில் விற்கவும் இயலாது.

மறைத்தாலும் நிலைக்காது. ஐஎஸ்பிஎன் பதிவும் இணைய விற்பனைப் பக்கமும் சில நொடிகளில் காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே, முகவரிடம் அளிப்பது அச்சான நூலாயின் முதல் மடலிலேயே ஆண்டு, மொழி, அச்சிட்ட படிகள், விற்றவை, கையொப்பமிட்ட தாள்கள் ஆகியவற்றைக் கூறுதல் வேண்டும். நூலக ஆணையில் சென்றவற்றைத் தனியே காட்டுதல் நேர்மை. புதிய படைப்பாயின், பழையவற்றைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். விற்பனை குறைவென்பதற்காக வருந்தி விளக்கமெழுதுதல் வேண்டா. முகவர் அதைப் படிப்பதில்லை என்றே தோன்றுகிறது.

அமிஷ் திரிபாதியின் ‘மெலூஹாவின் அமரர்கள்’ பல பதிப்பகங்களால் மறுக்கப்பட்டபின், 2010இல் அதை அச்சிட முன்வந்தவர் அவருடைய முகவரான அனுஜ் பாஹ்ரியே. பின்னர் வெஸ்ட்லேண்ட் அதனை ஏற்றுக்கொண்டபோது, முந்தைய அச்சின் விற்பனையே அந்நூலுக்குச் சான்றாக நின்றது.