பண்ணைக்கு உழைத்த நீள்முடிப் பூனை

குதிரிலும் களத்திலும் எலி செய்யும் சேதத்தை உழவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியிலுள்ள மெயின் மாநிலக் குடியானவர்களுக்கும் இதே தொல்லைதான். கடுங்குளிரில் அவர்களுடைய தொழுவத்திலும் தானியக் கிடங்கிலும் தங்கி எலி பிடித்து வந்ததே 'மெயின் கூன்' பூனை.

ரக்கூன் என்னும் காட்டு விலங்கோடு பூனை கூடிப் பிறந்த இனம் இது என்று ஒரு கதை உண்டு. வாலில் காணும் வளையக் கோடுகளே இக்கதைக்குக் காரணம். இரண்டும் வேறு வேறு குடும்பம். கூடிக் குட்டி போட வழியே இல்லை. ஐரோப்பியக் கப்பல்களில் வந்த நீள்முடிப் பூனைகள் கரையிறங்கி, அங்கிருந்த பூனைகளோடு கலந்து உண்டானது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பொறுக்கு வித்து எடுப்பது போலக் குளிர்தான் பொறுக்கி எடுத்தது. தாங்காதவை மடிந்தன.

முடி தோளில் குட்டையாகவும் வயிறு, பின்தொடைகளில் நீண்டும் இருக்கும். ஈரம் எளிதில் உள்ளே இறங்காது. காது நுனியிலும் கால்விரல் இடுக்கிலும் முடிக் கொத்து உண்டு. சுருண்டு படுத்தால் அடர்ந்த வாலே போர்வை. கடுவன் 6 முதல் 8 கிலோ வரை, சில அதற்கு மேலும் இருக்கும். முழு வளர்ச்சிக்கு 3 முதல் 5 ஆண்டுகள் ஆகும்.

உருவம்தான் பெரிது; குணம் சாது. குரலோ குருவி கீச்சிடுவது போல! குழந்தைகளோடும் நாயோடும் ஒத்துப்போகும். வீட்டார் போகுமிடமெல்லாம் பின்னாலேயே வரும்.

1895-இல் நியூயார்க் பூனைக் கண்காட்சியில் 'கோசி' என்ற மெயின் பூனை முதற்பரிசு பெற்றது. பிறகு பாரசீகப் பூனை மோகம் வந்து இதை ஒதுக்கியது. 1950-களில் இனமே அற்றுவிட்டது என்றுகூடப் பேசினார்கள். 1968-இல் வளர்ப்போர் சங்கம் அமைத்து மீட்டனர். 1985-இல் மெயினின் மாநிலப் பூனையாயிற்று.

இன்று இது விலை உயர்ந்த வளர்ப்புப் பூனை. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இதயத் தசை தடித்துப்போகும் நோய் இவ்வினத்தில் வம்சவழியாக வருகிறது. வெளியே தெரியாமலே இருந்து திடீரென உயிரைப் பறிக்கும். இதற்குக் காரணமான மரபணுக் கோளாறு ஒன்றை 2005-இல் கண்டறிந்தனர். குட்டி வாங்குவோர் தாய், தகப்பன் இரண்டுக்கும் செய்த மரபணுச் சோதனை, இதய ஸ்கேன் முடிவுகளைக் கேட்டு வாங்க வேண்டும். வாரம் இரண்டு முறை சீப்பால் வாரிவிடாவிட்டால் முடி சிக்குப் பிடிக்கும். வெயில் காலத்தில் நிழலும் தண்ணீரும் அவசியம். எலிக்காக மட்டும் என்றால் இத்தனை செலவு வேண்டாம். நம் நாட்டுப் பூனையே போதும்.