முற்றத்துக் கல் ஆடுகிறதா?

திருவள்ளூர் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் முற்றத்துக்குக் கடப்பாக் கல்தான். போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டில் ஒரு கல் ஆடி, மாமியார் விழத் தெரிந்தார். அப்புறம்தான் விழித்துக்கொண்டேன்!

மழைக்கு முன்பே ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பாருங்கள். 'டொக்'கென்று கேட்டால் அடியில் பொள்ளல். கல்லை நெம்பியெடுத்து, பழைய காரையைச் சுரண்டி, 1 பங்கு சிமெண்டுக்கு 4 பங்கு மணல் கலந்த சாந்தில் பதியுங்கள். ஜலதாரைப் பக்கம் வாட்டம் இருக்கட்டும்.

மறுநாள், வெடித்த சந்துகளை அரை அங்குல ஆழம் சுரண்டி, நனைத்து, 1-க்கு 3 கலவையை அழுத்தி அடையுங்கள். 7 நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். சிமெண்ட் கையை அரிக்கும். ரப்பர் உறை அவசியம். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

இனி தேள் ஒளியாது, சுவரடியில் தண்ணீர் இறங்காது. பெரியவர்களும் பயமில்லாமல் நடக்கலாமே!