கட்டட வரைபடத்தைப் படிக்கும் முறை

கூட்டுறவுச் சங்கம் மேற்கொள்ளும் செலவுகளுள் கட்டடச் செலவு பெரும்பாலும் தலையாயதாகும். நூல் கொள்முதலில் தவறு நேர்ந்தால் அடுத்த கொள்முதலில் திருத்திக்கொள்ளலாம். விதையில் ஏமாந்தால் அடுத்த பருவத்தில் விழித்துக்கொள்ளலாம். கட்டடமோ, ஒருமுறை எழுந்துவிட்டால் தலைமுறைக்கு நிற்கும். அதன் குறையும் உடன் நிற்கும். அங்கத்தினர்களின் பங்குத் தொகையையும், வாங்கிய கடனையும் கொண்டு எழுப்பும் கிடங்கும் தறிக்கூடமும் செம்மையாய் அமைய வேண்டுமாயின், அவற்றின் வரைபடத்தை நிர்வாகக் குழுவினர் தாமே படித்தறிதல் இன்றியமையாதது.

அது பொறியாளரின் வேலையன்றோ என்று சிலர் கேட்கலாம். வரைவது அவர் வேலை. ஒப்புவது நம் வேலை. வரைபடமும் விவரக் குறிப்பும் ஒப்பந்தத்தின் உறுப்புகளாகும். அவற்றில் கையெழுத்திட்டவர், அவற்றில் உள்ளதை ஏற்றுக்கொண்டவராகிறார். படிக்கவில்லை என்பது பின்னர் வாதமாகாது.

இக்கலை நமக்கு முற்றிலும் புதியதும் அன்று. கட்டத்தாளில் எழுதிய கரை டிசைனைப் பார்த்துப் பாவில் எந்த இழை எழ வேண்டும் என்று நெசவாளர் அறிகிறார். புலப்படத்தைப் பார்த்துத் தம் வரப்பு எங்கே திரும்புகிறது என்று உழவர் அறிகிறார். கட்டட வரைபடமும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் குறிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

தாள் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது முகப்பின் அழகை அன்று. பெரும்பாலும் வலப்புறக் கீழ் மூலையில் அமைந்திருக்கும் தலைப்புக் கட்டத்தை. அதில் வரைபட எண், தேதி, திருத்த எண், அளவு விகிதம் ஆகியவை இருக்கும். திருத்த எண்ணைக் குறித்துக்கொள்க. குழு ஒப்பியது இரண்டாம் திருத்தமாகவும், மேஸ்திரியின் கையில் இருப்பது முதல் தாளாகவும் இருந்தால், சன்னல் வைக்க வேண்டிய இடத்தில் சுவர் எழும்பிவிடும். அடுத்து, வடக்குக் குறியைக் காண்க. வடதிசை ஒளி பெரும்பாலும் கூசாமல் சீராக இருப்பதால், தறிக்கூடத்தின் சன்னல்கள் எத்திசை நோக்குகின்றன என்பது நெசவாளரின் கண்ணைப் பற்றிய விஷயமாகும்.

அளவு விகிதம் 1:100 என்றிருந்தால், தாளில் 1 சென்டிமீட்டர் தரையில் 1 மீட்டர் என்று பொருள். எனினும் தாளின் மேல் அடிக்கோலை வைத்து அளப்பது தவறு. நகல் எடுக்கும்போது தாள் சுருங்கியோ விரிந்தோ போகலாம். கோடுகளின் மேல் எழுதியுள்ள எண்ணே செல்லும். அளந்து கண்ட எண் செல்லாது. அந்த எண்கள் இப்போது பெரும்பாலும் மில்லிமீட்டரில் இருக்கும். மெட்ரிக் முறை பரவுவதற்கு முந்திய பழைய சங்கக் கட்டடங்களின் படங்களில் அடி, அங்குலக் கணக்கைக் காணலாம். 1 அடி என்பது 304.8 மில்லிமீட்டர். ஒன்பது அங்குலச் சுவர் என்று வழங்குவது இன்றைய படத்தில் 230 என்று காணப்படும்.

எண் எங்கிருந்து எங்கு வரை என்பதையும் கவனிக்க வேண்டும். அறையின் அகலம் 6000 என்று போட்டு, அம்புக்குறிகள் இருபுறச் சுவர்களின் நடுக்கோட்டைத் தொட்டு நின்றால், உள்ளே கிடைப்பது 6000 அன்று. இருபுறமும் பாதிப் பாதியாகச் சுவர் 230 மில்லிமீட்டரை விழுங்கும், எஞ்சுவது 5770. உட்பூச்சு பக்கத்துக்கு 12 வீதம் 24 போக, 5746 மட்டுமே நம் பயனுக்கு வரும். கால் மீட்டருக்கும் மேல் குறைந்துவிட்டது. நான்கு தறி போடலாம் என்று நெருக்கமாகக் கணக்கிட்டவர், மூன்றோடு நிற்க நேரிடும்.

ஒரே கட்டடத்தை மூவகைப் படங்கள் காட்டும். முதலாவது தளப்படம். சன்னல்களின் ஊடே கட்டடத்தைக் கிடையாக அறுத்து, மேற்பகுதியை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பதுபோன்ற தோற்றம் இது. அறுபட்ட சுவர்கள் தடித்த கோடுகளாக நிற்கும். கதவருகே உள்ள கால்வட்டக் கோடு, கதவு எப்பக்கம் திறக்கும் என்பதைக் காட்டும். கிடங்கின் கதவு உட்புறம் திறந்தால், அந்தக் கால்வட்டம் முழுவதும் மூட்டை அடுக்க உதவாத இடமாகும். புள்ளிக் கோடுகள் பெரும்பாலும் தலைக்கு மேலுள்ள உத்திரத்தையும் சன்ஷேடையும் குறிப்பவை.

இரண்டாவது வெட்டுப்படம். பலர் பாராமல் தள்ளிவிடுவது இதையே. ஆனால் நமக்கு மிகவும் வேண்டுவது இதுவே. தளப்படத்தில் உயரம் தெரியாது. தறியின் தலைக்கு மேல் ஜக்கார்டுப் பெட்டி அமர வேண்டுமாயின், தரையிலிருந்து உத்திரத்தின் அடிப்பாகம் வரை எவ்வளவு என்று பார்க்க வேண்டும்; கூரை வரை உள்ள அளவு போதாது. கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்று வழங்கும் அடிப்பீடம் தெருமட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது, அதன் தலையில் ஈரத்தடுப்புப் படை காட்டப்பட்டுள்ளதா என்பவையும் இங்கேதான் தெரியும். அப்படை இன்றேல் மண்ணின் ஈரம் சுவர் வழியே ஏறி, நூலையும் விதையையும் கெடுக்கும். குழித்தறி அமைப்பதாயின், குழியும் அடித்தளமும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கின்றனவா என்பதையும் காண்க.

மூன்றாவது முகப்புப்படம். இது வெளித்தோற்றத்தையும் சன்னல்களின் உயரத்தையும் காட்டும். மூன்று படங்களும் ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். தளப்படத்தில் நான்கு சன்னலும் முகப்பில் மூன்றும் இருந்தால், கேள்வியை அன்றே எழுப்புக.

கம்பி கட்டும் படம் தனித்தாளில் வரும். அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. 8 மில்லிமீட்டர் கம்பி, 150 மில்லிமீட்டர் இடைவெளி என்றிருப்பதாகக் கொள்வோம். 6 மீட்டர் நீளத்துக்கு 40 இடைவெளிகள். ஆகவே 41 கம்பிகள். இடைவெளியை 200 ஆக விரித்துவிட்டால் கம்பிகள் 31 ஆகிவிடும். பத்துக் கம்பிகள் குறைந்ததை, கான்கிரீட் போடுவதற்கு முன்பு எண்ணத் தெரிந்த எவரும் கண்டுபிடிக்கலாம். போட்ட பின்பு நாம் கண்ணால் காண வழியில்லை.

இனி விவரக் குறிப்பு. உருவத்தையும் அளவையும் படம் கூறும். எப்பொருளால், எவ்விகிதத்தில், எவ்வாறு என்பதைக் குறிப்பு கூறும். சேலையின் டிசைன் படமென்றால், நூலின் நம்பரும் சாய வகையும் குறிப்பு எனலாம். கலவை 1:6 என்றால் சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஆறு பங்கு. கான்கிரீட் 1:2:4 என்றால் சிமெண்டு, மணல், ஜல்லி முறையே. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர் கொள்ளளவு உடையது. 40, 35, 25 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டி சரியாக 35 லிட்டர் கொள்ளும். மூட்டைக்கு எத்தனை பெட்டி என்று அளந்து போடச் சொன்னால், சட்டிக் கணக்கில் வரும் ஏற்றத்தாழ்வு நீங்கும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 1:2:4 போதாது. இந்தியத் தரநிலை 456-இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, அதற்குக் குறைந்தது எம்-20 தரம் வேண்டும் என்கிறது. 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை தாங்குவது என்பது இதன் பொருள்.

நீராட்டும் காலத்தையும் அதே தரநிலை வகுத்துள்ளது. சாதாரணச் சிமெண்டானால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டானால் 10 நாள். வறட்சியும் வெப்பமும் உள்ள இடங்களில் முறையே 10, 14 நாள். சிமெண்டின் வகை மூட்டையின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

குறிப்பில் ‘நல்ல செங்கல்’, ‘முதல்தரப் பூச்சு’ என்று மட்டும் இருந்தால் ஒப்பாதீர்கள். அளக்க முடியாத சொல்லை வைத்து எவரையும் கேள்வி கேட்க இயலாது. செங்கல்லின் வலிமை எவ்வளவு, நீர் உறிஞ்சும் அளவு எவ்வளவு, பூச்சின் கனம் எவ்வளவு என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள்.

படத்தையும் குறிப்பையும் படித்த பின், அளவுப் பட்டியலை எடுத்து வரிவரியாக ஒப்பிடுக. படத்தில் இருந்து பட்டியலில் விடுபட்ட வேலை எதுவாயினும், பின்னர் அது கூடுதல் வேலை என்ற பெயரால் தனிச் செலவாக வந்து நிற்கும். படமும் குறிப்பும் முரண்பட்டால் எது மேலானது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஐயங்களையும் அவற்றுக்கான விடைகளையும் எழுத்தில் பெற்றுக் கோப்பில் சேர்க்க வேண்டும். வாய்ச்சொல் சுவர் எழும்பும் வரை நினைவில் இராது.

நிர்வாகக் குழுவினர் செய்யத்தக்க எளிய காரியம் ஒன்று உண்டு. கையெழுத்திடும் முன், வரைபடத்தோடு மனைக்குச் சென்று, சுண்ணாம்புத் தூளால் சுவர்களின் கோடுகளைத் தரையில் இடுங்கள். தறி போடுபவர் தறியின் இடத்தில் நிற்கட்டும். மூட்டை சுமப்பவர் வாசல் வழியே நடந்து பார்க்கட்டும். தாளில் பெரிதாகத் தோன்றிய அறை அங்கே தன் உண்மை அளவைக் காட்டிவிடும். தூள்கோட்டை அழித்து வேறிடத்தில் போட ஆகும் செலவு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பே. சுவரை இடித்து மாற்ற ஆகும் செலவோ, அங்கத்தினர் ஒவ்வொருவரின் பங்கிலிருந்தும் போவதாகும்.