கிலுகிலுப்பை செய்வோம்

கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. பாட்டி கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டுகிறார். குழந்தை அழுகையை நிறுத்துகிறது. சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்க்கிறது. இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நம் ஊர்த் திருவிழாக்களில் பனையோலைக் கிலுகிலுப்பை விற்பார்கள். உள்ளே சிறு கற்கள் இருக்கும். கர்நாடகத்தில் சென்னபட்டணம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து விளையாட்டுச் சாமான் செய்கிறார்கள். அரக்கில் சாயம் கலந்து பூசுகிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் காசு வேண்டும். நம் வீட்டுக் கொட்டாங்குச்சியில் காசில்லாமலே செய்யலாம். வீட்டில் பெரிய பிள்ளைகள் இருந்தால் கூடவே உட்கார வையுங்கள். தம்பிக்கு, தங்கைக்கு என்றால் அவர்களே ஓடி வருவார்கள்.

ஒரே தேங்காயின் இரண்டு மூடிகளையும் எடுங்கள். அப்போதுதான் வாய் பொருந்தும். தேங்காயைச் சுரண்டிவிட்டு நன்றாகக் காய வையுங்கள். வெளியே இருக்கும் நாரை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

உள்ளே என்ன போடலாம்? இதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். கேழ்வரகு போட்டால் மழை தூறுவது போலச் சரசர என்று கேட்கும். புளியங்கொட்டை போட்டால் கடகட என்று கேட்கும். அரிசி இரண்டுக்கும் நடுவில். ஒருவர் ஆட்டட்டும். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லட்டும். நல்ல விளையாட்டு இது. ஆனால் நிறையப் போடாதீர்கள். தானியம் குதித்து ஓட்டில் மோதினால்தான் சத்தம் வரும். நிறைத்துவிட்டால் குதிக்க இடம் இருக்காது. ஒரு சிறு கைப்பிடி போதும். போடும் முன் வெயிலில் காய வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். வண்டு வைக்கும்.

காட்டில் பொறுக்கிய விதைகளைப் பிள்ளைகள் கொண்டு வருவார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். குன்றிமணி பார்க்க அழகு. சிவப்பும் கறுப்புமாக மின்னும். ஆனால் அது விஷம். கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதை, அரளி விதை, ஊமத்தை விதை எல்லாமே அப்படித்தான். இவற்றைக் கிலுகிலுப்பைக்குள் போடவே கூடாது.

இனி ஒட்ட வேண்டும். மைதாவைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். சிறு தீயில் கிளறிப் பசை காய்ச்சுங்கள். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். நீங்கள் சேர்க்காதீர்கள். அதுவும் விஷம். பழைய வேட்டியை நாடா நாடாகக் கிழித்துப் பசையில் நனைத்து, மூடிகள் சேரும் இடத்தில் சுற்றுங்கள். காய்ந்தபின் மறுபடி சுற்றுங்கள். இப்படி மூன்று சுற்று. தேங்காய்க் கண்களின் மேலும் துணி ஒட்டுங்கள்.

காய்ந்ததும் சோதித்துப் பாருங்கள். இரண்டு கையாலும் பலமாக இழுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து தரையில் போடுங்கள். ஒரு மணி சிந்தினாலும் அதைக் குழந்தையிடம் தராதீர்கள். சிறு விதை மூச்சுக் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமி, மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாதீர்கள். விதை இன்னும் உள்ளே போய்விடும்.

அலங்காரம்தான் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. பெரிய பிள்ளைகள் தங்களுக்குச் செய்துகொள்வதில் செம்மண், கரி, அரைத்த மஞ்சள் கொண்டு கோலமோ பூவோ போடட்டும். மஞ்சளோடு துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாக மாறும். பிள்ளைகளுக்கு அது மாயம் போல இருக்கும். சுண்ணாம்பை மட்டும் நீங்கள் கலந்து கொடுங்கள். கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும். வெளுத்தால் மறுபடி பூசட்டுமே!

பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். ஈயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி கெடும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

கைக்குழந்தை எதையும் வாயில் வைக்கும். அதனால் அதற்கு வண்ணமே வேண்டாம். பழைய பருத்திச் சேலையில் இறுக்கமாக ஓர் உறை தையுங்கள். சேலையின் கரை மேலே தெரியட்டும். அதுவே அழகு. அழுக்கானால் உறையைப் பிரித்துத் துவைத்து மறுபடி தைக்கலாம். குச்சி செருகிக் காம்பு வைக்காதீர்கள். கண்ணில் குத்திக்கொள்ளும்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனதும் அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று மெல்ல ஆட்டிப் பாருங்கள். தலையைத் திருப்பித் தேடும். பல நாள் ஆட்டியும் திரும்பவில்லையா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்று காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.